தாஷ்கண்ட் சுவர்ச் சித்திரங்கள்: எல்லாம் பிரசாரம்தானா?

கேள்வி
அக்டோபர் 4

மகன் தாஷ்கண்டில் மருத்துவம் படிக்கிறான். அவன் அனுப்பும் படங்களில் பாதி அடுக்குமாடிக் கட்டடங்களின் பக்கச் சுவர்கள்தான். தரையிலிருந்து மொட்டை மாடி வரை வண்ண வண்ணமாக மொசைக். சோவியத் காலத்தில் செய்ததாம். இதெல்லாம் கட்சியின் விளம்பரப் பலகைதானே? லெனின் சிலையை எடுத்தவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? அந்தக் கட்டடங்களும் பார்க்க லட்சணமாக இல்லை. இடித்துவிட்டு ஒழுங்கான வீடு கட்டித் தரலாமே. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அக்டோபர் 4, இரவு

நான் அங்கே வேலை பார்த்தவன். முன்வார்ப்பு காங்கிரீட் என் தொழில். சுவரையும் தளத்தையும் ஆலையில் பலகை பலகையாக வார்த்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி நிறுத்துகிற வேலை. மற்றவர்கள் சித்திரத்தைப் பார்த்தால் என் கண் அதன் பின்னால் இருக்கும் பலகைக்குப் போகும். கலை ஆர்வலர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் எட்டு முனை நட்சத்திரம், சுற்றிலும் கொடி, மூலைகளில் பருத்தி. அரிவாளும் இல்லை, சுத்தியலும் இல்லை. லெனினை 1992இல் இறக்கிவிட்டு அந்த இடத்தில் உலக உருண்டையை வைத்தார்கள். சிலையை எடுக்க ஒரு கிரேன் போதும். முனைச் சுவரை எடுத்தால் ஐந்து குடும்பங்கள் தெருவைப் பார்த்தபடி குளிக்க வேண்டியிருக்கும். விட்டுவைத்ததற்கு இது முதல் காரணம். மற்ற காரணங்கள் நாளை.

அக்டோபர் 5

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

ஸ்டாலின் காலக் கட்டடங்களில் தூண், கோபுரம், சாந்து வேலைப்பாடு, சிற்பம் என்று எதற்கும் குறைவில்லை. குறைந்தது வீடுகள்தான். ஒரே வீட்டில் அறைக்கு ஒரு குடும்பம் என்று நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1954 டிசம்பரில் கட்டுமானத் துறையினர் கூடிய மாநாட்டில், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருஷேவ் அந்த ஆடம்பரத்தை வெளுத்து வாங்கினார். 1955 நவம்பர் 4ஆம் தேதி ஆணையே வந்துவிட்டது: வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் மிகைகளை ஒழிக்க வேண்டும். அதன் பிறகு ஒரே மாதிரி வரைபடம், ஒரே மாதிரிப் பலகை, நாடு முழுவதும்.

இந்தப் பலகை வீடுகளின் இரண்டு முனைச் சுவர்களிலும் பெரும்பாலும் ஜன்னல் கிடையாது. ஒரு பகுதிக்கு அடுத்து இன்னொன்றை ஒட்டி நீட்டிக்கொண்டே போக வசதியாக அப்படி வரைந்தார்கள். வரிசை எங்கே முடிகிறதோ, அங்கே முழு உயரத்துக்கும் மொட்டைச் சுவர் நிற்கும். நான்கு தெரு இப்படிக் கட்டினால் பரவாயில்லை. ஊர் முழுவதும் கட்டினார்கள். வேலைப்பாட்டைத் தடை செய்த அதே அரசு, சில ஆண்டுகளிலேயே ஓவியர்களைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டது. தூணாக முன்னே துருத்தினால் வீண் செலவு. சுவரோடு தட்டையாக இருந்தால் அதற்கு ‘கலைகளின் ஒருங்கிணைப்பு’ என்று பெயர். அலுவலக மொழிக்கு எல்லா நாட்டிலும் இந்தச் சாமர்த்தியம் உண்டு.

அக்டோபர் 5, மாலை

தாஷ்கண்ட் என்றால் சாஸ்திரி இறந்த ஊர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதிலிருந்தே தொடங்கலாம். பாகிஸ்தானுடனான ஒப்பந்தம் 1966 ஜனவரி 10. மறுநாள் அதிகாலை சாஸ்திரி காலமானார். அதற்கு மூன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 26 விடியற்காலையில், ஊருக்கு நேர் கீழே நிலம் நடுங்கியது. ரிக்டர் அளவு ஐந்தைச் சற்றே தாண்டியதுதான். ஆனால் ஆழம் மிகக் குறைவு. மண்சுவர் வீடுகள் தாங்கவில்லை. சுமார் 3,00,000 பேர் வீடிழந்தார்கள். சாஸ்திரி காரில் கடந்துபோன தாஷ்கண்டில் ஒரு பெரும்பகுதி அந்த ஆண்டே போய்விட்டது. அங்கே அவர் பெயரில் ஒரு தெருவும், அவருக்கு ஒரு சிலையும் இருக்கின்றன. மகன் பார்த்திருப்பான்.

பிறகு சோவியத் குடியரசுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்களும் இயந்திரங்களும் ரயில் ரயிலாக வந்து இறங்கினர். ஆளுக்கொரு குடியிருப்புப் பகுதி என்று பிரித்துக்கொண்டு கட்டினார்கள். வேகம் வேண்டுமென்றால் பலகைதான். தாஷ்கண்டில் இத்தனை முனைச் சுவர்கள் ஏன் என்பதற்கு இதுதான் பதில்.

அக்டோபர் 6

நான் எழுத நினைத்த பகுதி இது. அவசரக்காரர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடலாம்.

தாஷ்கண்ட் முனைச் சுவர்களில் மிகப் பெரும் பங்கு ஜார்ஸ்கி சகோதரர்களுடையது. பியோத்தர், நிக்கலாய், அலெக்சாந்தர் என்று மூன்று பேர். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது ஓவியத்தைவிட முறை. கட்டி முடித்த சுவரில் சாரம் போட்டு, கொத்தனார் ஏறி, சில்லு சில்லாக ஒட்டுவதுதான் வழக்கமான வழி. அதற்கு மாதக்கணக்காகும். இவர்கள் சித்திரத்தை வீடு கட்டும் ஆலைக்குள்ளேயே கொண்டுபோனார்கள். முழு அளவு வரைபடத்தைப் பலகை அளவுக்குத் துண்டு போடுவது. அச்சின் அடியில் வண்ணச் சில்லுகளை முகம் கீழே இருக்கும்படி அடுக்குவது. மேலே சாந்து, கம்பிவலை, காங்கிரீட். நீராவியில் இறுக வைத்து அச்சைக் கவிழ்த்தால், அச்சுவெல்லம் விழுவதுபோலப் பலகை சித்திரத்தோடு வெளியே வரும். கிரேன் அதைத் தூக்கி அதற்கான இடத்தில் நிறுத்தினால் வீடும் சித்திரமும் ஒரே நாளில் உயரும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. முகம் கீழே என்பதால் வரைபடம் இடம் வலமாக மாறியிருக்க வேண்டும். சில்லு அடுக்குகிறவர் பார்ப்பது முழுவதும் முதுகுப் பக்கம். நிறம் சரியாக விழுந்ததா என்பது அச்சைக் கவிழ்த்த பிறகுதான் தெரியும், அப்போது திருத்த வழியில்லை. காங்கிரீட்டை இறுக்க அதிர்வு கொடுக்கும்போது சில்லு நகரக் கூடாது. சாந்துப் பால் முகப்புப் பக்கம் கசியக் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நுழைவாயில் பலகையில் ஓடு பதித்து இப்படி வார்த்துப் பார்த்தோம். கவிழ்த்தபோது நிறுவனத்தின் சின்னம் அம்மை போட்ட முகத்தோடு வந்தது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் தேநீர் குடிக்கப் போனார். இதையே ஊர் முழுவதும் செய்தவர்களை நான் லேசாக எடைபோட மாட்டேன்.

இன்னொன்று. பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூட்டு உண்டு, அது சித்திரத்தின் குறுக்கே ஓடும். மூட்டை மறைக்கப் பார்க்கிற சித்திரம் தோற்கும். மூட்டையே கட்டமாக எடுத்துக்கொண்டு அதற்குள் வடிவத்தை அமைக்கிற சித்திரம் பிழைக்கும். கட்டம் கட்டமாக நட்சத்திரமும் பின்னலும் போடும் மரபு சமர்கந்துக்கும் புகாராவுக்கும் பல நூற்றாண்டு பழக்கம். ஆலையின் கட்டாயமும் ஊரின் கண்ணும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்துவிட்டன. ஆட்களை வரைந்த சுவர்களைவிட வெறும் கோலங்கள் இன்றும் நன்றாக நிற்பதாக எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அக்டோபர் 6, பின்னிரவு

நம் வீட்டுத் தரையில் போடும் மொசைக்தானே இதுவும் என்று கேட்டவருக்கு: இல்லை ஐயா, அது வேறு. அது சிமென்ட்டில் சலவைக்கல் துகளைக் கலந்து போட்டுத் தேய்ப்பது. அங்கே சுவரில் இருப்பவை தனித்தனிச் சில்லுகள்: பீங்கான் ஓடு, கூழாங்கல், விலையுயர்ந்த இடமென்றால் சுமால்ட் என்கிற ஒளிபுகா வண்ணக் கண்ணாடி. ரஷ்யாவில் அந்தக் கண்ணாடித் தொழிலுக்கு மறுவாழ்வு தந்தவர் 18ஆம் நூற்றாண்டு அறிஞர் லமனோசவ். அவரே மொசைக்கும் செய்தார்.

அக்டோபர் 9

மெட்ரோவைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒரு திருத்தம்: கஸ்மனாவ்த்லர் நிலையத்தில் நீங்கள் பார்த்த விண்வெளி வீரர்கள் ககாரின், தெரெஷ்கோவா, பழங்கால வானியலறிஞர் உலூக் பெக் உருவங்கள் மொசைக் இல்லை. அவை சுட்ட பீங்கான் வட்டங்கள். அந்த நிலையம் 1984இல் திறந்தது. மொசைக் பார்க்க வேண்டுமென்றால் 1977இல் திறந்த முதல் பாதையில் பக்தகோர் நிலையத்தில் இறங்குங்கள். சுவர் நீளத்துக்குப் பருத்தி.

2018 வரை அந்த மெட்ரோவுக்குள் படம் எடுக்கத் தடை. அணுகுண்டுப் பதுங்குமிடமாகவும் கட்டியது என்பதால் ராணுவ ரகசியம். நான் போயிருந்தபோது தடை இருந்தது. நாற்பது ஆண்டுகளாக தினமும் லட்சக்கணக்கானோர் பார்த்த ரகசியம்! கைப்பேசியை வெளியே எடுத்தாலே சீருடைக்காரர் தொண்டையைக் கனைப்பார். அதற்கு ஒரு நன்மையும் இருந்தது. படம் எடுக்க முடியாததால் நின்று பார்த்தேன்.

அக்டோபர் 10

பருத்திக்கு வருகிறேன். முதல் நாள் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: “அரிவாள் சுத்தியல் இல்லை, பருத்திதான் இருக்கிறது என்கிறீர்கள். அந்த நாட்டில் பருத்தி கட்சி இல்லையா?”

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சோவியத் திட்டத்தில் உஸ்பெக்கிஸ்தானுக்கு எழுதிய தலைவிதி பருத்தி. அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை வயலுக்குத் திருப்பினார்கள். 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் அறுவடைக்கு அனுப்பப்பட்டார்கள். பல கோடி ரூபிள் பருத்தி மோசடி 1980களில் வெளியே வந்து குடியரசையே உலுக்கியது: காகிதத்தில் மட்டும் விளைந்த பருத்திக்கு மாஸ்கோ பணம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பிறகும் கட்டாய அறுவடை உடனே நிற்கவில்லை. அது முறையாக நடத்தப்படுவது முடிவுக்கு வந்துவிட்டது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொன்னது 2021 அறுவடைக்குப் பிறகுதான்.

அப்படியானால் சுவரில் பூத்திருக்கும் அந்த வெள்ளைக் காய்தான் அந்த ஊரிலேயே உரத்த பிரசாரம். அரிவாளைப் பார்த்தால் எவருக்கும் புரிந்துவிடும். பருத்தியைப் பார்த்தால் பூ வேலை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். நானும் அந்தச் சுவர்களை மாலை நடையில் ரசித்திருக்கிறேன், பருத்தி வயலில் முதுகு ஒடிந்த ஒரு சக ஊழியர் பக்கத்தில் நடந்துகொண்டிருக்க. கல்லூரி நாட்களில் இலையுதிர்காலப் பாடங்கள் எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் வயலில்தான் என்றார் அவர். ஆனால் அவர் வீட்டில் தேநீர் ஊற்றிய நீலக் கோப்பையிலும் கெண்டியிலும் அதே பருத்திப் பூ. அந்த ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அந்தக் கெண்டிதான். அவரிடம் இதைக் கேட்டேன். “கெண்டி என்ன செய்தது?” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே ‘பிரசாரமா இல்லையா’ என்று சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று நினைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

அக்டோபர் 11

பணம் யார் கொடுத்தது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: அரசு. பொதுக் கட்டடங்களின் செலவில் ஒரு சிறு பங்கு கலைக்கு ஒதுக்கப்படும். ஓவியர்கள் கலைநிதி அமைப்பு வழியாக வேலை பெறுவார்கள். வரைவைக் கலைக்குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தலைவர்களின் முகத்தை வரைந்தால் ஆயிரம் கேள்வி வரும். விண்வெளி, விஞ்ஞானம், விளையாட்டு, விளைச்சல், இசைக்கருவி வாசிக்கும் பெண் என்றால் கையெழுத்து உடனே கிடைக்கும். சோவியத் சுவர்களில் இத்தனை விண்வெளி வீரர்கள் பறப்பதற்கு ககாரின் மட்டும் காரணமில்லை, குழுவின் சோம்பலும் காரணம்.

இப்படி வந்தவற்றில் நிறைய குப்பை. கன்னத்து எலும்பு தூக்கிய ஒரே மனிதர், ஒரே கோதுமைக் கதிரை ஏந்தி, பதினோரு நேரமண்டலங்களிலும் நிற்கிறார். அவருக்காக நான் வழக்காட மாட்டேன்.

அக்டோபர் 13

“அரசுக் காசு வாங்கிய ஓவியர் எல்லாம் அரசின் ஆள்தானே” என்று எழுதியவருக்கு. கொஞ்சம் நீளும்.

அல்லா ஹோர்ஸ்கா, உக்ரைன். 1964இல் உக்ரைனியக் கவிஞர் ஷெவ்சென்கோவின் 150ஆவது பிறந்த ஆண்டுக்காக, கீவ் பல்கலைக்கழகத்தில் வைக்க ஒரு வண்ணக் கண்ணாடிச் சித்திரத்தை நண்பர்களோடு சேர்ந்து செய்தார். கவிஞர் சினம் கொண்டு ஒரு பெண்ணை அணைத்தபடி நின்றார். திறப்பதற்கு முன்பே அதிகாரிகள் அதை உடைத்தார்கள். ஹோர்ஸ்கா ஓவியர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

அதன் பிறகு அவர் எங்கே போனார்? தொழில் நகரங்களுக்கு. தன் கணவர் விக்தர் ஸாரெட்ஸ்கி, ஹாலினா ஸுப்சென்கோ முதலானோருடன் குழுவாக தோனெத்ஸ்கில் ஒரு பள்ளியின் சுவர்களுக்கு மொசைக் செய்தார். 1967இல் மரியுபோல் நகரில் ஓர் உணவகத்துக்காகக் குழு செய்தவை ‘வாழ்வின் மரம்’, ‘வல்லூறு’ என்ற இரண்டு. அரசுச் சுவர், அரசுச் சம்பளம். அதே காலத்தில் அரசியல் கைதிகளுக்காக மனு எழுதிக்கொண்டும் கையெழுத்துத் திரட்டிக்கொண்டும் இருந்தார். உளவுத்துறை அவரைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தது. 1970 நவம்பர் 28 அன்று கொல்லப்பட்டார். குடும்பத் தகராறு என்று அரசு கதையை முடித்தது. அவருடைய நண்பர்கள் அன்றும் நம்பவில்லை.

அந்த இரண்டு மொசைக்குகளும் பிற்காலத்தில் புதுச் சுவர்களுக்குப் பின்னால் மறைந்து, பல ஆண்டு கழித்து மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 2022இல் ரஷ்யப் படை மரியுபோலைத் தரைமட்டமாக்கியபோது இரண்டும் சிதைந்தன. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? சோவியத் கலை என்று ஓர் உக்ரைன்காரர் ஒதுக்கினால் அல்லா ஹோர்ஸ்காவைச் சேர்த்து ஒதுக்குகிறார். சோவியத் பெருமை என்று ஒரு ரஷ்யர் மார் தட்டினால், அதைச் செய்தவரைப் பற்றி யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

2015 சட்டம் உக்ரைனில் சோவியத் சின்னங்களைப் பொது இடங்களில் தடை செய்தது. சுவரில் ஓரமாக ஒரு நட்சத்திரமோ அரிவாளோ இருந்தால் முழுச் சுவரையும் என்ன செய்வது என்று ஊர் ஊராகத் தகராறு. போர் நடக்கும் நாட்டில் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. வெளியூர்க்காரன் நான் அவர்களுக்கு உபதேசம் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 14

“அழித்தது பிந்தையவர்கள் மட்டும் இல்லை போலிருக்கிறதே” என்கிறார் ஒருவர். ஆமாம், சோவியத் அரசே பெரிய கை.

கீவ் நகரில் அதா ரிபச்சுக், வலாதிமிர் மெல்னிச்சென்கோ என்ற தம்பதியர். நகரின் மத்தியப் பஸ் நிலையத்திலும் சிறுவர் மாளிகையிலும் அவர்கள் செய்த மொசைக்குகள் உண்டு. 1968இல் பைகோவே மயானத்துத் தகனக்கூடத்தில் ‘நினைவுச் சுவர்’ வேலையைத் தொடங்கினார்கள். 213 மீட்டர் நீளம். இடத்துக்கு இடம் 4 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை உயரம். கம்பி வளைத்து உருவங்களைக் கட்டி, காங்கிரீட் இட்டு, மேலே வண்ண மெருகு பூசுவது திட்டம். சாவுக்கு வந்தவர்கள் வாழ்வைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும் என்று காதல், தாய்மை, வசந்தம் எனச் செதுக்கினார்கள். பதின்மூன்று ஆண்டு உழைத்து, கிட்டத்தட்ட முடிக்கும் தறுவாயில், அரசு ஏற்ற ஒரே கலைப் பாணியான சோஷலிச யதார்த்தவாதத்துக்கு இது அந்நியம் என்று முடிவாயிற்று. 1982இல் சுவரின் மேல் காங்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள். அதைச் செய்தவர்கள் கண்முன்னே.

2018இல் ஒரு துண்டை மட்டும் உடைத்து வெளியே எடுத்தார்கள். ரிபச்சுக் 2010இலேயே போய்விட்டார். மெல்னிச்சென்கோ பார்த்துவிட்டு, 2023இல் இறந்தார்.

காங்கிரீட்டை ஊற்றியே பிழைத்தவன் நான். அந்த வேலைக்கு லாரி ஓட்டிவந்தவர்களைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன்.

அக்டோபர் 18

கனம் அதிகமாகிவிட்டது என்று புகார். சரி, ஆக்டோபஸ்.

ஜார்ஜியாவில் பதூமி கடற்கரையில் 1975இல் ஒரு சிற்றுண்டிச் சாலை கட்டினார்கள், முழுக்க முழுக்க ஆக்டோபஸ் வடிவில், மொசைக் போர்த்தி. கட்டடக்கலைஞர் கியோர்கி சகாவா, மொசைக் ஸூராப் கபனாத்ஸே. பாழாகிக் கிடந்து பிறகு புதுப்பிக்கப்பட்டது. அதில் என்ன சித்தாந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டுக் கைகளிலும் ஏந்த எட்டு அரிவாள் கிடைக்கவில்லை போல.

இந்த சகாவா சுவையான ஆள். அதே 1975இல் திபிலிசியில் நெடுஞ்சாலைக் கட்டுமான அமைச்சகத்துக்கு அவர் எழுப்பிய கட்டடத்தைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள்: மலைச்சரிவில் நீள நீளப் பெட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியது. அப்போது அவரே அந்த அமைச்சகத்தின் துணை அமைச்சர். வேலை கொடுத்தவரும் வேலை வாங்கியவரும் ஒருவரே! என் அனுபவத்தில் கட்டடம் கெட்டுப்போவது இந்த இருவருக்கும் நடுவே நடக்கும் கூட்டங்களில்தான். அவருக்கு அந்தக் கூட்டமே இல்லை. இப்போது அது பாங்க் ஆஃப் ஜார்ஜியாவின் தலைமையகம்.

அப்காசியாவில் ஸூராப் த்ஸெரெதேலி இளம் வயதில் செய்த பஸ் நிறுத்தங்களும் இந்த வகைதான். அலை, சிப்பி, மீன். சிலவற்றில் மழைக்கும் ஒதுங்க முடியாது, வெயிலுக்கும் ஒதுங்க முடியாது. பஸ் நிறுத்தத்தின் ஒரே வேலையைத் தவிர எல்லாவற்றையும் செய்யும்.

அக்டோபர் 19

ஆமாம், மாஸ்கோ ஆற்றில் பேரரசர் பீட்டரின் பிரமாண்ட சிலையை நட்டவரும் இதே த்ஸெரெதேலிதான். பஸ் நிறுத்தத்தோடு நின்றிருக்கலாம்.

அக்டோபர் 25

ஊருக்குப் போய்வந்த இடைவெளியில் இங்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது. பாதுகாக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், குடியிருப்பவர்களைக் கேளுங்கள் என்பவர்கள் மறுபக்கம். நான் முதல் கட்சி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள். அவ்வளவு சுலபமில்லை.

அந்தப் பலகை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். ஜூலையில் வெளியே நாற்பது டிகிரி. மேற்கு முனைச் சுவரை ஒட்டிய அறையில் இரவு பதினொரு மணிக்கும் சுவரைத் தொட முடியாது. குளிர்காலத்தில் அதே சுவர் வியர்க்கும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். மூட்டில் அடைத்த பொருள் காய்ந்து உதிர்ந்து, மழை உள்ளே கசியும். அந்தச் சுவரின் மறுபுறம்தான் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். சுவருக்கு வெளியே காப்புப் பலகை ஒட்டி மேலே பூசிவிட்டால் இந்தத் துன்பங்களில் பெரும்பகுதி தீரும். சித்திரமும் அதோடு தீரும். மூட்டை மட்டும் வெளியிலிருந்து சரியாக அடைத்து, காப்பை உள்பக்கம் போடலாம். அறை சிறுக்கும், செலவு கூடும், ஈரம் சுவருக்குள் எங்கே தங்குகிறது என்று கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தச் செலவை நகரம் ஏற்றால் நான் முதல் கட்சி. முனைவீட்டு ஓய்வூதியக்காரர் ஏற்க வேண்டுமென்றால் மறுபக்கம்.

இன்னொரு குடைச்சலும் உண்டு. நிலநடுக்கத்தில் எல்லா மண்வீடுகளும் விழவில்லை. பழுது பார்த்தால் நின்றிருக்கும் பழைய மஹல்லாக்களையும் (அக்கம்பக்கக் குடியிருப்புகள்) சேர்த்து வழித்தார்கள் என்று அந்த ஊர் முதியவர்கள் சொல்வார்கள். முற்றம், திராட்சைப் பந்தல், வாசலில் ஓடும் கால்வாய் எல்லாம் போய், அந்த முற்றங்களில் இருந்த கோலம் கட்டடத்தின் முனைச் சுவரில் ஏறியது. அதைப் பார்த்து அவர்கள் அழகு என்றும் சொல்வார்கள், பெருமூச்சும் விடுவார்கள்.

நவம்பர் 2

“இப்போது அரசு என்ன செய்கிறது?” இரண்டு திசையிலும் ஓடுகிறது. ‘தாஷ்கண்ட் சிட்டி’ என்ற கண்ணாடிக் கட்டடத் திட்டத்துக்காக, 1980களில் கட்டிய திரைப்பட மாளிகையை இடித்தார்கள். ஊரில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. அதன் பிறகு அதே அரசின் பண்பாட்டு அமைப்பு சோவியத் காலக் கட்டடங்களை ஆய்வு செய்து, பட்டியல் போட்டு, 2024இல் தாஷ்கண்ட் நவீனக் கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. ஹோட்டல் உஸ்பெக்கிஸ்தானின் காங்கிரீட் சன்னல் பின்னலும் சோர்சு சந்தையின் நீலக் கூரையும் பிழைத்துவிடும் என்று நினைக்கிறேன். அவை தபால் அட்டைக்கு ஆகும். சிலான்சார் என்ற குடியிருப்புப் பகுதியின் எத்தனையோ ஒரே மாதிரி முனைச் சுவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

கஜகஸ்தானின் அல்மாட்டியில் நடந்தது கொஞ்சம் ஆறுதல். 1964இல் கட்டிய த்ஸெலின்னி திரையரங்கில் யெவ்கேனி சிதோர்கின் செய்த பெரிய சுவர்ச் சித்திரம், இரண்டு நிறப் பூச்சைச் சுரண்டிச் செய்வது, அழிந்துவிட்டதென்றே நினைத்திருந்தார்கள். 2018இல் ஜிப்சம் பலகையைப் பிரித்தபோது பின்னால் நின்றுகொண்டிருந்தது. மேலே திருகாணி அடித்த ஓட்டைகளோடு. அதை வைத்துக்கொண்டே கட்டடத்தைக் கலை மையமாக்கி 2025இல் திறந்தார்கள். மூடி மறைத்த ஒப்பந்தக்காரர்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறார், சல்லிக்காசு வாங்காமல்.

நவம்பர் 9

கட்டடக்கலை படிக்கும் பெண் கேட்டிருக்கும் கேள்விதான் இந்த இழையிலேயே உருப்படியானது: இடித்தே ஆக வேண்டும் என்றால் சித்திரத்தை மட்டும் கழற்ற முடியுமா?

சாரம் போட்டு ஒட்டிய சுவர் என்றால் மிகக் கடினம். ஆலையில் வார்த்த சுவர் என்றால் முடியும் அம்மா. நிறுத்திய வரிசைக்கு நேர்மாறாக இறக்க வேண்டும். கூரைப் பலகையை எடுத்துவிட்டு, மேல்மாடியின் முனைப் பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, மூட்டுக் காங்கிரீட்டை உடைத்து, பற்றவைத்த இரும்புத் தகடுகளை அறுத்து, கிரேனில் தூக்க வேண்டும். பல டன் எடை. பழைய தூக்குக் கொக்கியை நம்பாதீர்கள், துருப்பிடித்திருக்கும். புதிதாகத் துளையிட்டுப் பிடிமானம் கொடுங்கள், முகப்புப் பக்கம் மரச்சட்டமும் துணியும் கட்டி இறுக்குங்கள். பலகைக்கு எண் போட்டு அடுக்கி வைத்தால் வேறு சுவரில் மறுபடி நிறுத்தலாம். இடிக்கும் ஒப்பந்தத்தில் இதைத் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். இடிப்பவர் வந்த பிறகு கேட்டால் சிரிப்பார்.

ஆய்வுக்கு நேரில் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படம் எடுப்பதோடு நிற்காமல் எட்டும் உயரம் வரை சிறு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சில்லு பிடித்திருக்கிறது. பொள்ளென்றால் பின்னால் விட்டுவிட்டது, வரைபடத்தில் குறியுங்கள். மூட்டு ஓரம் துருக்கறை தெரிந்தால் அதைத் தனி நிறத்தில் குறியுங்கள். தட்டுவதற்கு முன் முனைவீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் தட்டி, ஒரு பாட்டி மூன்றாம் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்.